மேல்தட்டு மயக்கம்

காசு கொடுத்துத் தலைசுற்றலை வாங்கிக் கொள்ளும் வியாபாரம் ஒன்று நம் நாட்டில் மிகவும் கௌரவமாக நடந்து வருகிறது. அதற்கு உல்லாசக் கப்பல் பிரயாணம் என்று பெயர். உல்லாசத்தின் மீது எனக்கு விரோதம் கிடையாது. கப்பலின் மீதும் கிடையாது. கப்பல் அறைகளுக்கு விலை போடுகிற முறையோடும், அந்த விலையைப் பார்த்தே சௌகரியத்தை அளந்துவிடுகிற நம்முடைய புத்தியோடும்தான் எனக்குச் சண்டை.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இங்கே மேற்கே பார்த்தால் மலை தெரியும். எந்தத் திசையில் பார்த்தாலும் கடல் தெரியாது. தூத்துக்குடிக் கடலில் கால் நனைக்கச் சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். திருப்பாவையின் கடைசிப் பாசுரத்தில் ஆண்டாள் கடலைச் சொல்லும்போது, மரக்கலங்கள் உலவும் கடல் என்றுதான் சொன்னாள். அதற்குப் பிறகு வெகு காலம் இந்தப் பக்கத்து ஜனங்களில் பெரும்பாலோருக்கு மரக்கலம் என்பது மார்கழி மாதத்தில் காதில் விழுகிற வஸ்துவாகவே இருந்தது.

இப்போது அப்படி இல்லை. பஞ்சாலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர்களுக்கும், பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கும், பால்கோவாக் கடை முதலாளிகளுக்கும் பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் என்றால் முன்பு காசிக்கு டிக்கெட் எடுத்தார்கள். இப்போது கப்பலுக்கு எடுக்கிறார்கள். 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரஸ்’ என்ற உல்லாசக் கப்பலை முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பி வைத்தார். அடுத்த வருஷம் ஜூனில் அதே கப்பல் இலங்கைக்குப் போயிற்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் விட்டார்கள்; அது சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. ஆகவே கடல் தெரியாத ஊர்க்காரனும் கப்பலைப் பற்றிப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

கப்பலின் விலைப் பட்டியலைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடித்தட்டில், நடுவில், ஜன்னலே இல்லாத அறைக்கு எல்லாவற்றிலும் குறைந்த விலை. ஒரு தட்டு ஏறி, கண்ணாடி ஜன்னல் வைத்த அறைக்கு அதற்கு மேல். இன்னும் ஏறி, பால்கனி வைத்த அறைக்கு இன்னும் மேல். உச்சித் தட்டில், கப்பலின் தலைமாட்டிலோ கால்மாட்டிலோ, கூடமும் அறையுமாக ராஜா வீட்டு ஜோடனையோடு இருக்கிற ஜாகைக்குத்தான் தலையைச் சுற்றுகிற விலை. விலை மட்டுமா தலையைச் சுற்றுகிறது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கடல் கொஞ்சம் புரளுகிற நாளில், அந்தப் பட்டியலில் மேலே போகப் போக ஆட்டம் அதிகம். கீழே வர வர ஆட்டம் குறைவு. அதாவது அதிகமாகக் கொடுத்தவருக்கு அதிகமான வாந்தி. குறைவாகக் கொடுத்தவருக்கு நல்ல தூக்கம். இந்த ஒரு வரியைப் பட்டியலில் யாரும் அச்சடிப்பதில்லை.

இதைத் தெரிந்துகொள்ள மாலுமிப் பரீட்சை தேற வேண்டியதில்லை. நம்முடைய தாத்தாக்கள் ஏற்றம் இறைத்தார்கள். துலாக்கட்டை ஒரு கம்பத்தின் மேல் ஏறி இறங்கும். அதன் நுனியில் கட்டிய சால் கிணற்றின் அடிவரை போய் வரும். ஆனால் கம்பத்தை ஒட்டிக் காலை ஊன்றி நிற்பவன் ஒரு சாண்கூட ஏற மாட்டான், ஒரு சாண்கூட இறங்க மாட்டான். அலையில் தலை தூக்கித் தலை தாழ்த்துகிற கப்பலும் ஒரு துலாக்கட்டைதான். அதன் கம்பம் கப்பலின் நடுப்பகுதியில், சரியாகச் சொன்னால் நடுவுக்குச் சற்றுப் பின்னால், இருக்கிறது. மீனவர்கள் அணியம் என்று சொல்லுகிற முன்பக்கமும், அமரம் என்று சொல்லுகிற பின்பக்கமும் சால் கட்டிய நுனிகள்.

‘எம்ப்ரஸ்’ ஏறக்குறைய 210 மீட்டர் நீளமுள்ள கப்பல். அந்த நீளத்தில் ஒரு கப்பல் இரண்டே இரண்டு டிகிரி தலையைத் தூக்கித் தாழ்த்துகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். கம்பத்திலிருந்து 80 மீட்டர் தள்ளி, அணியத்தை ஒட்டிய அறையில் படுத்திருப்பவர் கட்டிலோடு கிட்டத்தட்ட 2.8 மீட்டர் மேலே போகிறார். பிறகு அதே அளவு கீழே வருகிறார். மொத்தம் ஐந்தரை மீட்டர். ஒன்றரை மாடி உயரத்துக்கு அவரை ராத்திரி முழுவதும் தூக்கித் தூக்கி இறக்குகிறார்கள். கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் படுத்திருப்பவருக்கு அதே அலையில் மேலும் கீழுமாக எழுபது சென்டிமீட்டர்தான். சாப்பாட்டு மேஜையின் உயரம்கூட இல்லை.

இனி பக்கவாட்டு ஆட்டம். அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு உவமை சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடிப்பூரத்தன்று ஆண்டாளின் பெரிய தேர் ரத வீதியில் அசைந்து வருவதைப் பார்த்தவர்கள் அவர்கள். சக்கரத்தடியில் கட்டை போடுகிறவன் கண்ணுக்கு அச்சு நகருவதுதான் தெரியும், ஆடுவது தெரியாது. அந்த வேளையில் உச்சியிலுள்ள கலசம் ஒரு பக்கத்து வீட்டுத் திண்ணைக்கும் மறு பக்கத்து வீட்டுத் திண்ணைக்கும் குசலம் விசாரித்துக்கொண்டு வரும். கப்பலின் பக்க ஆட்டத்துக்கு அச்சு, ஏறக்குறைய நீர்மட்டத்தை ஒட்டி நெடுக ஓடுகிறது. மூன்று டிகிரி சாய்ந்தால், அச்சுக்கு 20 மீட்டர் மேலே இருக்கிற பால்கனி ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டருக்கு மேல் நகரும்; 4 மீட்டர் மேலே இருக்கிற அறை இருபது சென்டிமீட்டர் நகரும். தேரின் உச்சியில் பாய் விரித்துப் படுக்க யாராவது அதிகப் பணம் கொடுப்பார்களா? கொடுக்கிறார்கள், தேர் தண்ணீரில் மிதந்தால் கொடுக்கிறார்கள்.

பஸ்ஸில் நமக்கு இந்தப் புத்தி இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து புனலூர்ப் பக்கம் மலை ஏறுகிற பஸ்ஸிலே, பின் சக்கரத்துக்கும் பின்னாலே இருக்கிற கடைசி வரிசையில் கர்ப்பிணிப் பெண்ணையும் குழந்தையையும் யாரும் உட்கார வைப்பதில்லை. “அக்கா, நீங்க நடுவிலே வாங்க” என்று முன்பின் தெரியாதவன்கூட எழுந்து இடம் கொடுக்கிறான். பதினைந்து ரூபாய் பஸ் டிக்கெட்டில் உள்ள விவேகம், அறுபதாயிரம் ரூபாய் கப்பல் டிக்கெட்டில் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

அது எங்கே ஒளிந்துகொள்கிறது என்று நான் கண்டிருக்கிறேன். இந்தப் பக்கத்துத் தம்பதி ஒருவரைச் சொல்லுகிறேன், பெயர் வேண்டாம். அவர் ராஜபாளையத்தில் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாளுக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். டிக்கெட் எடுக்கப் போன இடத்தில், ஏஜெண்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்து, காபி வரவழைத்துக் கொடுத்து, “அண்ணாச்சி, அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போறீங்க, கீழே ஜன்னல் இல்லாத ரூமிலே போட்டா நாளைக்கு உங்க பிள்ளைங்க என்னை என்ன கேப்பாங்க? மேலே, முன்னாலே, பால்கனியோட ஒண்ணு இருக்கு” என்றானாம். அண்ணாச்சி அசைந்துவிட்டார். கப்பலும் அசைந்துவிட்டது.

முதல் ராத்திரியே அந்த அம்மாளுக்குக் குமட்டல். விடியற்காலையில் விழுங்கிய ரத்த அழுத்த மாத்திரை வெளியே வந்துவிட்டது. சர்க்கரை மாத்திரை உள்ளே போயிற்று, சாப்பாடு போகவில்லை. வயதானவர்களுக்கு இது விளையாட்டல்ல. உடம்பில் தண்ணீர் வற்றி, சாப்பாடில்லாமல் மருந்து மட்டும் வேலை செய்தால் மயக்கம் போட்டு விழுகிற அளவுக்குப் போய்விடும். பால்கனிக் கதவைத் திறந்தால் காற்று அறைந்தது, சாத்திவிட்டார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அந்த அம்மாள் சொன்ன வார்த்தை இது: “ஏங்க, கீழே எங்கேயாவது தரையிலே ஒரு மூலை கிடைச்சாப் போதும்.” கப்பல் சாஸ்திரம் நூறு வருஷமாகச் சொல்லி வருவதை அந்த அம்மாளுக்கு வயிறு ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டது. நடு மாடிப்படி இறங்குகிற இடத்தில், கீழ்க்கூடத்துச் சோபாவில் இருவரும் சாய்ந்தபடியே அந்த ராத்திரியைக் கழித்தார்கள். அந்த அம்மாள் தூங்கினார். பிள்ளை கொடுத்த பணத்துக்கு மேலே பால்கனி அறை மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

“இந்தக் காலத்துக் கப்பல் ஆடாது ஐயா; இறக்கை வைத்திருக்கிறார்கள்” என்று சொல்லுகிறவர்கள் உண்டு. இறக்கை வைத்திருப்பது வாஸ்தவம். பெரிய உல்லாசக் கப்பல்கள் பலவற்றில் நீருக்கடியில் இரு பக்கமும் துடுப்புப் போன்ற இறக்கைகள் உண்டு. கப்பல் வேகமாகப் போகும்போது அவை பக்கவாட்டு ஆட்டத்தை வெகுவாகக் குறைக்கும். ஆனால் தலை தூக்கித் தாழ்கிற ஆட்டத்தை அவை நிறுத்துவதில்லை. கப்பல் முழுவதும் ஒரேயடியாக எழுந்து அமிழ்வதையும் நிறுத்துவதில்லை. வயிற்றைக் கலக்குவதில் இந்த மேல்-கீழ் ஆட்டத்துக்குத்தான் முதல் மரியாதை. அதிலும் ஐந்தாறு விநாடிக்கு ஒரு முறை மெதுவாக எழுந்து மெதுவாக விழுகிற ஆட்டம்தான் மனிதனை அதிகமாகக் குமட்ட வைக்கிறது என்று பரிசோதித்துக் கண்டிருக்கிறார்கள். கட்டை வண்டியின் குலுக்கலில் எலும்பு நோகுமே தவிர வாந்தி வராததற்கு இதுதான் காரணம். ஏஜெண்டு காட்டுகிற இறக்கை, தேரைத்தான் பிடிக்கும், ஏற்றத்தைப் பிடிக்காது.

“எல்லாம் மனப்பிரமை, எலுமிச்சம்பழத்தை மோந்தால் சரியாகிவிடும்” என்பார் இன்னொருவர். மனப்பிரமை என்றால் நெல்சன் பெரிய கோழையாக இருந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் கடற்படைத் தளபதியான அந்த மனிதருக்குக் கடைசி வரையில் கடல் மயக்கம் இருந்தது. 1831-ம் ஆண்டு முதல் 1836 வரை ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றி வந்த டார்வின், அந்த ஐந்து வருஷமும் இதனால் அவதிப்பட்டார். காதின் உட்புறத்தில் உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் கருவி ஒன்று இருக்கிறது. கண், அறையின் சுவர் அசையவில்லை என்கிறது; காது, நீ எழுந்து விழுகிறாய் என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரணாகப் பேசுவதால் வயிறு தீர்ப்புச் சொல்லுகிறது. அந்தக் காதுக் கருவி பிறவியிலேயே வேலை செய்யாதவர்களுக்குக் கடல் மயக்கம் வருவதில்லை. இதற்கு மேல் மனப்பிரமை என்று சொல்லுகிறவரை அணியத்து அறையில் ஒரு ராத்திரி வைத்துப் பூட்டலாம். எலுமிச்சம்பழத்தை நான் பழிக்கவில்லை, மாத்திரைகளையும் பழிக்கவில்லை. குமட்டல் தொடங்குவதற்கு முன்பே, வைத்தியரைக் கேட்டுக்கொண்டு போட்டால் அவை உதவும். ஆனால் ஆட்டத்தை அதிக விலைக்கு வாங்கிவிட்டு, அதைத் தணிக்க மாத்திரையை வேறு விலைக்கு வாங்குவது என்ன கணக்கு?

மூன்றாவது கட்சிதான் பலமானது. “பெரியவர்களைக் கீழ்த்தட்டில் போடுவதா?” என்கிற கட்சி. இதில் வெறும் ஜம்பம் மட்டும் இல்லை. ஒரு பழைய காயமும் இருக்கிறது. ‘ரஜூலா’ கப்பலை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1926-ம் ஆண்டில் கட்டப்பட்டு, சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தட்டுப் பயணிகளை ஏற்ற முதலில் அதற்கு அனுமதி இருந்தது. ஐயாயிரம் பேர்! சரக்கு அடுக்குகிற மாதிரி அடுக்கப்பட்டு, பாய் விரித்து, இரும்புத் தகட்டின் மேல் படுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு ‘சிதம்பரம்’ கப்பல் ஓடிற்று; 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். கீழே என்றால் காற்றில்லாத இடம், நாற்றம், நெரிசல், கூலிக்காரன் படுக்கிற இடம் என்று நம் ரத்தத்தில் எழுதியது அந்தக் காலம்தான். தோட்டக் கூலியாகப் போனவனின் பேரன், தன் தகப்பனை மேலே ஏற்றிப் பார்க்க ஆசைப்படுவதில் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் அந்த ஆசையின் மீது கல்லாப்பெட்டியை வைத்து வியாபாரம் செய்கிறவனிடம் எனக்கு மரியாதை கிடையாது. அன்று கீழ்த்தட்டில் ஜனங்களை வாட்டியது முக்கியமாகக் காற்றின்மையும் நெரிசலும். இன்று உல்லாசக் கப்பலின் அடித்தட்டு அறைக்கும் உச்சித்தட்டு அறைக்கும் குளிர்சாதனக் காற்றுதான். கட்டிலும் குளியலறையும் இரண்டிலும் உண்டு. அன்றைய குறை போய்விட்டது. அன்றைய கேவலம் மட்டும் விலைப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணக்காரர்கள் எப்போதும் உச்சியையும் நுனியையும் தேடியவர்கள் அல்ல. பாய் விரித்த கப்பல்களில் உயர்ந்த அறைகள் பின்பக்கத்தில் இருந்தன. நீராவிக் கப்பல் வந்து, பின்பக்கத்தில் உந்துசக்கரம் அதிர ஆரம்பித்ததும், 1871-ம் ஆண்டில் முதல் பயணம் போன ‘ஓஷியானிக்’ என்ற கப்பலில் முதல் வகுப்பைக் கப்பலின் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆட்டமும் அதிர்ச்சியும் குறைந்த இடம் அதுதான் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். மற்றக் கம்பெனிகளும் அந்த வழியில் போயின. ஏழைகளுக்கு நுனிகளை ஒதுக்கினார்கள். இன்று அதே நடுப்பகுதியின் கீழ்த்தட்டை ஜன்னல் இல்லாத மலிவு அறை என்று சொல்லி மூலையில் தள்ளிவிட்டு, நுனிகளில் பால்கனி கட்டிப் பணக்காரர்களுக்கு விற்கிறார்கள். ஒரே வகுப்புக்குள்ளே நடுவறைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிற கம்பெனிகளும் இருக்கின்றன. அதாவது, விஷயம் அவர்களுக்குத் தெரியும். ரகசியம் நமக்குத்தான்.

உல்லாசக் கப்பலோடு இது நின்றுவிடவில்லை. நாகப்பட்டினத்துச் ‘சிவகங்கை’யில் கீழ்த்தட்டு சாதாரண வகுப்பு, மேல்தட்டு உயர் வகுப்பு, தொடங்கியபோது மேல்தட்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கட்டணம். மேலே வசதியான நாற்காலி இருக்கலாம், கூட்டம் குறைவாக இருக்கலாம். அவற்றுக்கு விலை கொடுப்பது அவரவர் இஷ்டம். ஆனால் நூற்றைம்பது பேர் ஏறுகிற சிறிய கப்பலில், மேலே போவதென்றால் தேரின் உச்சிக்குப் போவது என்று அர்த்தம். பாக் நீரிணையில் காற்று எழும்பினால் வயிறு பலவீனமானவர்களுக்குக் கீழே நடுவரிசைதான் உயர் வகுப்பு. அந்தமானுக்குப் போகும் அரசாங்கக் கப்பல்களிலும் கதை இதுதான். சென்னையிலிருந்து இரண்டரை, மூன்று நாள் பிரயாணம். சொகுசு அறை மேலே, அடுக்குப் படுக்கை கீழே. அடுக்குப் படுக்கைக்காரர்கள் கழிப்பறையைப் பற்றிப் புகார் சொல்லட்டும், அதில் நியாயம் இருக்கும். ஆட்டத்தைப் பற்றி மட்டும் மேலே இருப்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை.

கீழே உள்ள அறைகளெல்லாம் வைகுண்டம் என்று நான் சாதிக்க வரவில்லை. கீழ்த்தட்டின் கடைசியில் உந்துசக்கரத்தின் அதிர்வு கட்டிலில் ஏறும். அணியத்தின் கீழே படுத்தால் துறைமுகத்தில் நங்கூரச் சங்கிலி தலைமாட்டிலே ஓடுகிற சத்தம் விடியற்காலையில் எழுப்பும். ஆகவே “கீழே” என்று மட்டும் கேட்டால் போதாது, “கீழே, நடுவிலே” என்று கேட்க வேண்டும். ஜன்னல் இல்லாததும் ஒரு குறைதான். தொடுவானம் கண்ணில் பட்டால் கண்ணும் காதும் சமாதானமாகும். அதற்கு வழி, கீழ்த்தட்டிலேயே வட்ட ஜன்னல் வைத்த அறை கிடைத்தால் எடுத்துக்கொள்வது. கிடைக்காவிட்டால், விழித்திருக்கும்போது திறந்த தட்டின் நடுப்பகுதியில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பது. படுக்கும்போது கீழே வந்து கண்ணை மூடிக்கொள்வது. கடலைப் பார்க்கிற உரிமை கப்பலில் உள்ள எல்லாருக்கும் பொது. பால்கனிக்காரர் தனியாகக் கொடுத்த பணம், அதை நாற்காலியில் உட்கார்ந்து, பிறர் முகம் பார்க்காமல் பார்ப்பதற்காக மட்டுமே.

மாதமும் பார்க்க வேண்டும். எந்த அறையையும்விட அதுதான் முக்கியம் என்றுகூடச் சொல்லுவேன். வங்கக் கடலில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பெரும்பாலும் சாந்தம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும். இலங்கையின் தென்முனையில், ஹம்பாந்தோட்டைப் பக்கத்தில், கடல் புரளும். பள்ளிக்கூட லீவுக்கும் கல்யாண நாளுக்கும் தக்கபடி டிக்கெட் எடுக்கிறோம். கடல் நம் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதில்லை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. கப்பல் டிக்கெட் விற்கிற ஒவ்வொரு கடையிலும், ராஜபாளையத்தில் ஆனாலும் மதுரையில் ஆனாலும், கப்பலின் தட்டுப் படத்தைத் தமிழில் எழுதி மேஜை மேல் வைக்கட்டும். அதில் ஆட்டம் குறைந்த இடத்துக்கு ஒரு நிறம், கூடுகிற இடத்துக்கு ஒரு நிறம் பூசட்டும். சினிமாக் கொட்டகையில்கூட எந்த நாற்காலி என்று படம் காட்டி விற்கிறார்கள். விலையை அவர்கள் இஷ்டப்படி போட்டுக்கொள்ளட்டும். பால்கனியின் விலைக்குக் கீழே, “கடல் மயக்கம் உள்ளவர்கள் இந்த அறையைத் தவிர்ப்பது நல்லது” என்று ஒரு வரி சேர்த்தால் எந்தக் கம்பெனியும் முழுகிவிடாது. உறுதி டிக்கெட் என்று ஒரு வகை இருக்கிறது. வகுப்பை மட்டும் உறுதி செய்து, எந்த அறை என்பதைப் பிறகு கம்பெனியே ஒதுக்கும். விலை சற்று மலிவு. அதை வயதானவர்களுக்கு விற்கும்போதாவது, கேட்காத அணியத்து அறையும் வந்து விழலாம் என்பதை வாய் திறந்து சொல்லட்டும்.